புதன்கிழமை ஐந்து மணி, கார், சென்னை: என் ஆன்லைன் தெரபி கதை

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் காரில் போய் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொள்வேன். வண்டி எங்கும் போகாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு பெரிய வீட்டின் பின்னால் கட்டிய அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு அறை, தும்மினால் அடுத்த அறையில் கேட்கிற சுவர், ஆறு வயதுப் பையன், வீட்டுக்கார ஆன்ட்டியின் இரண்டு நாய்கள். அங்கே உட்கார்ந்து அப்பாவை நினைத்து வாய்விட்டு அழ முடியாது. அதனால் கார். ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்தால், சென்னையில் இரவு எட்டரை மணிக்கு ஒருவர் என் எதிரே வந்து உட்காருவார். ஏறக்குறைய ஒன்றரை வருடம் இப்படி ஓடியது.

ஆன்லைனில் பேசினால் சரியாகுமா என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆகும், ஆகாது என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

2021 மே மாதம் மதுரையில் அப்பா கொரோனாவில் போனார். எப்படியோ டிக்கெட் கிடைத்தாலும், வழியில் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டிய நாட்களைக் கூட்டிப் பார்த்தால் பதினாறாம் நாளுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. தத்தனேரி சுடுகாட்டில் சித்தப்பா மகன் தள்ளி நின்று வாட்ஸப் வீடியோவில் காட்டினான். அப்பாவை உள்ளே கொண்டுபோகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. அண்ணனின் தோள், ஆம்புலன்ஸ் கதவில் பாதி, அவ்வளவுதான். திரும்ப லைன் வந்தபோது எல்லாம் முடிந்து அவர்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த ஜூலையில் முன்னாள் ஜனாதிபதி ஜூமாவைச் சிறையில் வைத்ததைத் தொடர்ந்து இங்கே கலவரம் வெடித்தது. கடைகள் எரிந்தன, எங்கள் தெருமுனையில் ஆண்கள் இரவெல்லாம் கண் விழித்துக் காவல் இருந்தார்கள், ரொட்டிக்கும் பாலுக்கும் மணிக்கணக்கில் வரிசை. அப்போதெல்லாம் நான் திடமாகத்தான் இருந்தேன், அதுதான் வேடிக்கை. எல்லாம் அடங்கி, ஆகஸ்டில் ஒரு சாதாரணச் சனிக்கிழமை, சூப்பர்மார்க்கெட் வரிசையில் கையில் வெங்காயப் பையோடு நிற்கும்போது நெஞ்சை அடைத்தது. விரல் மரத்தது, காது அடைத்தது, இதோ சாகப் போகிறேன் என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. வெங்காயத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன். அடுத்த மாதத்துக்குள் இன்னும் நான்கு தடவை.

டாக்டர் ஈசிஜி எடுத்தார், தைராய்டு பார்த்தார், இதயம் நன்றாக இருக்கிறது, இது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் பீதி, ஒரு சைக்காலஜிஸ்டைப் பாருங்கள் என்றார். வீட்டுக்கார ஆன்ட்டியிடம் சொன்னேன். "ஷேம்!" என்றார். இந்த ஊரில் அதற்கு 'ஐயோ பாவம்' என்று அர்த்தம். வந்த புதிதில் என்னைத்தான் வெட்கமில்லையா என்று கேட்கிறார்கள் என நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதெல்லாம் உண்டு. ஆன்ட்டி இங்கே நான்காம் தலைமுறை. 1860இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழி. பாட்டியை ஆயா என்பார், வருடம் தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார், தமிழில் ஒரு முழு வாக்கியம் வராது.

இங்கே சைக்காலஜிஸ்டுக்கு ஒரு செஷன் ஆயிரம் ரேண்டுக்கு மேல் கேட்டார்கள். மெடிக்கல் எய்ட், அதாவது இங்குள்ள மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று பார்த்தால், அதில் சில்லறைச் செலவுக்கு இருக்கும் சேவிங்ஸ் பகுதி பையனின் பல்லுக்கும் காதுக்கும் முன்பே கரைந்திருந்தது. பெரிய அளவு மனச்சோர்வு, அதாவது மேஜர் டிப்ரஷன் என்று டாக்டர் எழுதினால், எந்த பிளானாக இருந்தாலும் வருடத்துக்கு 15 வெளிநோயாளி தெரபி செஷன்கள் வரை, இல்லையென்றால் மூன்று வாரம் வரை மருத்துவமனை, சட்டப்படி கொடுத்தாக வேண்டும். எனக்கு எழுதிய நோய்க் குறியீட்டு எண் எஃப் 41.0, பேனிக் டிசார்டர். அது அந்தப் பட்டியலில் இல்லை. பில்லில் அந்த எண்ணைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும், ஸ்டேட்மென்ட் கணவரின் ஈமெயிலுக்கு வரும். என் கணவர் நல்ல மனுஷன், எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் தெரியாமல் போக நினைக்கிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சரி, மலிவாக இருக்கிறதே என்று முதலில் ஒரு ஆப் போட்டேன். மாதச் சந்தா, ஆங்கிலத்தில் சாட். எழுதினால் பதில் வரும், சில சமயம் மறுநாள் வரும். இரண்டு மாதத்தில் தெரபிஸ்ட் இரண்டு முறை மாறினார், ஒவ்வொருவருக்கும் அப்பாவை முதலிலிருந்து சாகடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள், வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதிரி இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படியோ எழுதிவிட்டேன். அசிடிட்டி இருக்கிறதா, புளிப்பு சாப்பிடுவதைக் குறைத்துப் பாருங்கள் என்று பதில். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஆப் கொடுத்த ஒரே சிகிச்சை அதுதான் என்று நினைக்கிறேன். அப்புறம் ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. நான் போட்டது வேறு ஆப், ஆனால் 2023இல் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் தன்னிடம் வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவர்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டு, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அதைப் படித்த அன்று என் பழைய கணக்கை அழித்தேன். அழிந்ததா என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

அப்புறம்தான் தமிழில் பேசுகிற ஆள் வேண்டும் என்று தேடினேன். சென்னையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கிடைத்தார், ஒரு செஷன் 1500 ரூபாய். இந்தியாவில் யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று போர்டு மாட்டுகிற நிலை இருப்பதால், ஆர்.சி.ஐ. எனும் மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துக்கொண்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது, அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே என்றால் டாக்டர்களையும் சைக்காலஜிஸ்டுகளையும் பதிவு செய்கிற எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் பதிவு இல்லாதவர் என்பதால் சென்னை ரசீதை மெடிக்கல் எய்டிடம் காட்டக்கூட முடியாது, முழுக்க நம் கைக்காசு.

முதல் செஷனிலேயே அவர் கேட்டது, இப்போது எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்தில் உடனே வரக்கூடிய ஒருவரின் நம்பர் என்ன. "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இங்கேருந்து நான் ஒரு ஆம்புலன்ஸ்கூட அனுப்ப முடியாது, அதை நாம ரெண்டு பேரும் ஞாபகம் வச்சுக்கணும்" என்றார். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனக்குக் காத்திருக்காமல் இந்த ஊர் உதவிக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார். சடாக் எனும் இங்குள்ள மனநல உதவி அமைப்பின் 0800 567 567 எண்ணைக் காரின் கண்ணாடியில் ஒட்டி வைத்தது அன்றுதான். நல்லவேளை, தேவைப்படவில்லை.

புளி கரைக்கிறது என்றேன் அவரிடமும். "எப்போலேருந்து கரைக்குது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு உடம்பே தளர்ந்துவிட்டது. காரியம், கருமாதி, கொள்ளி, பால் ஊற்றுவது, இதில் ஒன்றுக்கும் விளக்கவுரை போட வேண்டியதில்லை. நான் ஏன் பதினாறாம் நாளைப் பற்றி அவ்வளவு பேசுகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

பேனிக்கைப் பொறுத்தவரை ஆன்லைன்தான் நேரில் போவதைவிட உதவியது என்பேன். அந்தச் சிகிச்சையில் படபடப்பை நாமே வேண்டுமென்று வரவழைத்து, அது நம்மைக் கொல்லாது என்று உடம்புக்குப் பழக்க வேண்டும். ஒரு நிமிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடு, நின்ற இடத்தில் ஓடு, இப்படி. நான் காரைச் சுற்றி ஓட, நாய்கள் குரைக்க, ஆன்ட்டி ஜன்னலைத் திறந்து பார்க்க, டாஷ்போர்டிலிருந்து சென்னைக் குரல் "இன்னும் இருபது செகண்ட்" என்று கத்தும். பிறகு அவர் என்னோடு கடைக்கே வந்தார். காதில் இயர்போன், பையில் போன் (வெளியே எடுத்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்), அதே வரிசை. பயம் பத்துக்கு எத்தனை என்பார், எட்டு என்பேன், வெளியே வராமல் நில்லுங்கள் என்பார். அங்கே சுற்றி இருக்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சத்தமாகவே சொல்வேன். எட்டு, ஏழு, ஏழு, ஐந்து. ஒரு நாள் முன்னால் நின்ற வயதான அம்மா திரும்பி, ஐந்து ஆறு ஏழு என்று தானும் விரல் விட்டுக் காட்டிச் சிரித்தார், சின்ன வயதில் கோயில் பள்ளியில் படித்தாராம். அன்று பயம் மூன்றுக்கு இறங்கியது. டர்பனில் எந்த சைக்காலஜிஸ்ட் வெங்காயம் வாங்க என்கூட வருவார்?

ஆனால் லோட்ஷெடிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது. 2022, 2023இல் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம், வெட்டு கடுமையாகி ஸ்டேஜ் ஆறு என்றால் ஒரே நாளில் மூன்று தடவைகூட. ரூட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கினேன். அது சமாளித்தது, ஆனால் மின்சாரம் நீண்ட நேரம் போனால் செல் டவரின் பேட்டரியும் தீர்ந்து, ஊரே ஊமையாகிவிடும். செஷன் நடுவில் அவர் முகம் பாதி வாயோடு நின்றுவிடும். அப்போது எனக்குள் என்ன நடந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நெட்வொர்க் சரியில்லை மேடம், கட் ஆகிவிட்டது மேடம் என்று மட்டும் சொல்வேன்.

கண்டுபிடித்தது அவர்தான். "ஒவ்வொரு தடவை கட் ஆனாலும் நீங்க திரும்ப வரப் பத்து நிமிஷம் ஆகுது. அந்தப் பத்து நிமிஷம் என்ன பண்றீங்க?"

தத்தனேரி வீடியோ நின்றுபோன கதையை அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன். தெரபி தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதே போன், அதே அளவுத் திரை, அதே மாதிரி நின்றுபோகிற முகம். அந்தப் பத்து நிமிடமும் நான் சீட்டுக்குக் கீழே தலையைக் குனிந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தேன், திரையில் அது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் கழுத்துக்கு மேலேதான். என் கால் ஆடியதை ஏழு மாதமும் அவர் பார்த்ததில்லை.

அவர் யோசித்துவிட்டு, இதை மட்டும் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பாருங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது, கைகழுவுகிறார் என்று. இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, கணவர் ஓவர்டைம் பணத்தில் ஆறு செஷன்களுக்கு ஒதுக்க, இங்கே ஒருவரைப் பார்த்தேன். அவரும் தமிழ் வம்சம், தமிழ் தெரியாது. கால் ஏன் ஆடுகிறது என்று முதல் கால் மணி நேரத்திலேயே கேட்டார். ஆங்கிலத்தில் அப்பா இறந்ததைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதையைச் சொல்வது போலத்தான் இருந்தது, அழுகை வரவில்லை. ஆனால் அந்த அறையில் பேசாமல் இருக்க முடிந்தது. வீடியோவில் இரண்டு பேரும் அரை நிமிடம் சும்மா இருந்தால் உடனே "கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?" தான். இங்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம், வெளியே வண்டிச் சத்தம், எதிரே ஒருவர் மூச்சு விடுகிற சத்தம், அவர் நின்றுபோகவில்லை என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது செஷனில் அழுதேன், அதுவும் தமிழில். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "பாவம்" என்று மட்டும் சொன்னார், அவருடைய ஆயா சொல்கிற வார்த்தையாம்.

ஆறு முடிந்து மறுபடி சென்னைக்கே வந்தேன். ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தால் எதை எடுத்திருப்பேன்? பணத்தை வைத்துப் பார்த்தால் சென்னைதான். ஆனால் இங்கே போன அந்த ஆறு இல்லாமல் இருந்தால் இன்றும் ஒவ்வொரு கட்டுக்கும் சீட்டுக்குக் கீழேதான் கிடந்திருப்பேன் என்றும் தோன்றுகிறது. இப்போது கடைக்குத் தனியாகப் போகிறேன், மாதம் ஒரு புதன்கிழமை மட்டும் கார். அம்மாவிடம் இந்தியாவின் மனநல உதவி எண்ணான 14416ஐக் கொடுத்து, தமிழிலேயே பேசுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு என்ன பைத்தியமா?" என்று போனை வைத்துவிட்டார். அது தனிக் கதை.

போன வாரம் ஆன்ட்டி வந்து தயங்கித் தயங்கி நின்றார். கல்லூரியில் படிக்கிற மகளுக்கு ஏதோ சரியில்லையாம், நீ காருக்குள் பேசுகிறாயே அந்த டாக்டரின் நம்பரைக் கொடு என்றார். இவ்வளவு நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அவளுக்குத் தமிழ் தெரியாது, சென்னை நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? இங்கே பார்த்தவரின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். கட்டணத்தைக் கேட்டதும் ஆன்ட்டி ஒரு நிமிடம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.