கவரும் ரிசீட்டும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழை வைத்தே குடும்பம் நடத்திவிடலாம். முருங்கைக்காயும் தோசை மாவும் ஹை ஸ்ட்ரீட்டிலேயே கிடைக்கும். மதுரையிலிருந்து வந்த புதிதில் நான் அந்தத் தெருவைத் தாண்டியதே இல்லை.

முதல்முறை பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனபோது பில் போடும் பெண்ணிடம் 'கவர்' கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டுக் கையால் காட்டினேன். "ஓ, பேக்!" என்றார். கவர் ஆங்கில வார்த்தைதானே என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பில்லுக்கு இங்கே ரிசீட். எழுத்தில் இருக்கிற 'பி' வாயில் வராது. பிரிஞ்சால் ஓபர்ஜீன், கேப்சிகம் பெப்பர். நம் ஊர் ஆங்கிலம் தப்பில்லை. அது நம் ஊருக்கானது, அவ்வளவுதான்.

எனக்குப் பேச்சு வந்தது குயின்ஸ் மார்க்கெட்டில். அப்டன் பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி நான்கு நாளும் கூடும் சந்தை. ஸ்டீல் கிண்ணங்களில் தக்காளியைக் குவித்து வைத்து, "பவுண்ட் எ போல்!", அதாவது கிண்ணம் ஒரு பவுண்ட், என்று கூவுவார்கள். கிண்ணத்தில் இருப்பதை அப்படியே பையில் கவிழ்த்துக் கொடுப்பார்கள். வயதான கடைக்காரர் ஒருவர் "ஆல்ரைட், லவ்?" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் சந்தையில் 'என்ன தாயி வேணும்?' என்பார்களே, அதேதான் அது. புரிந்த பிறகு அந்த வார்த்தையைக் கேட்கவே அவர் கடைக்குப் போவேன். ஐந்து பவுண்டுக்கு ஃபைவர், பத்துக்கு டென்னர், பவுண்டுக்கே க்விட், எல்லாம் அவர் வாயிலிருந்து கற்றவை.

அப்புறம் அந்தக் கெட்டில். வாங்கிய மூன்றாம் நாளே அடியில் ஒழுகியது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்த பில்லைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இங்கே 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் கொடுத்தால் முழுப் பணமும் தர வேண்டும். 'சனிக்கிழமை நான் வரேன்' என்றார் கணவர். நான் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் போகும்போதே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: "இட்ஸ் ஃபால்ட்டி. ஐ'ட் லைக் எ ரீஃபண்ட், ப்ளீஸ்."

கவுன்டரில் இருந்த பையன், "எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கிறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

"நோ. ரீஃபண்ட், ப்ளீஸ்."

என் குரல் நடுங்கவில்லை. அவன் கார்டைக் கேட்டு வாங்கினான்.

வீட்டுக்கு வந்து, பாத்திரத்தில் பால் காய்ச்சி டீ போட்டேன். ரீஃபண்ட் ரிசீட்டைக் கணவர் பார்க்கிற மாதிரி மேஜைமேல் விரித்து வைத்தேன்.