பாண்டாஸ் 1.76, சைபை 1.02: எது சரி?

1, 2, 3, 10 என்ற நாலு எண்களுக்கு ஸ்கியூனெஸ், அதாவது தரவு ஒரு பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற அளவை, கணக்கிட்டுப் பாருங்கள். சராசரி 4, விலகல்கள் -3, -2, -1, 6, அவற்றின் மும்மடிகளைக் கூட்டினால் 180, நாலால் வகுத்தால் 45, அதைத் திட்டவிலக்கத்தின் மும்மடியான 44.19-ஆல் வகுத்தால் 1.02. பைத்தான் நூலகமான சைபையும் அதையே தருகிறது. ஆனால் இன்னொரு பைத்தான் நூலகமான பாண்டாஸ் 1.76 என்கிறது! நேற்று ராத்திரி வெகுநேரம் என் கோடில் பிழை தேடினேன், பிழையே இல்லை. பாண்டாஸ் சிறிய மாதிரிக்கான திருத்தத்தையும் சேர்த்துப் பெருக்குகிறது, நாலு எண்களுக்கு அது 1.732. சைபையில் பயஸ் (bias) என்ற அமைப்பை ஃபால்ஸ் (False) ஆக்கினால் அங்கேயும் 1.76 வந்துவிடும். அப்புறம், கோடை நீங்களே எழுதினால் முதலில் சராசரி, பிறகு விலகல் என்று இரண்டு சுற்று ஓடவிடுங்கள். எண்கள் பெரிதாக இருக்கும்போது ஒரே சுற்றுச் சூத்திரம் கழித்தலில் துல்லியத்தை இழந்துவிடும்.