ஜானவாசக் காரின் மடிகூரை

ஆகஸ்ட் 18, கும்பகோணம்

ஜானவாச ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகும் மடிகூரைக் கார் ஒன்று நாகப்பட்டினத்திலிருந்து இன்று பட்டறைக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் டிக்கி மூடி திறக்கிறது. உலோகக் கூரையோ பாதி எழுந்து நின்றுவிடுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் கூரையைத் தூக்கும் பம்பையே மாற்ற வேண்டும் என்று வேறோரிடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பம்பின் மோட்டார் சீராக ஓடும் ஓசை கேட்கிறது. அப்படியிருக்க, முதலில் எண்ணெயைப் பார்ப்பதுதான் முறை. தொட்டியில் அது கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

ஆகஸ்ட் 19

டிக்கியின் உள்விரிப்பை எடுத்ததும் எண்ணெய் போன வழி தெரிந்தது. கூரையைத் தூக்கும் இடப்பக்கச் சிலிண்டரில், தண்டு வெளிவரும் வாயில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர்ச் சீல் விறைத்து வெடித்திருந்தது. மூடிய டிக்கிக்குள் பல கோடைகளைக் கண்ட ரப்பருக்கு இது இயல்பே. இரு புறமும் மரக்கட்டைகளால் கூரைக்கு முட்டுக் கொடுத்த பிறகே குழாயைக் கழற்ற விட்டேன். அழுத்தம் இறங்கினால் கூரை தன் எடையிலேயே சாயும். இடையில் மாட்டும் விரல் மிஞ்சாது.

ஆகஸ்ட் 21

நெல் அறுவடை இயந்திரங்களின் ஹைட்ராலிக் வேலையில் கைதேர்ந்த ஒருவர் மன்னார்குடியில் இருக்கிறார். குறுவை அறுவடை நெருங்குவதால் அவருடைய பட்டறையில் நிற்க இடமில்லை. சிலிண்டரைக் கையில் வாங்கியவர், "என்ன அண்ணே, பென்சில் கணக்கா இருக்கு!" என்று சிரித்தார், பிறகு தண்டின் மேல் நகத்தை ஓட்டி, கீறல் இருக்கிறதா என்று நெடுநேரம் பார்த்தார். கீறல் விழுந்த தண்டு புதுச் சீலையும் அறுத்துவிடும் என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுச் சீல் மாற்றுவது வீண்செலவு. தண்டு நன்றாகவே இருந்தது. வெர்னியரில் அளந்து, கனிம எண்ணெய்க்கு ஏற்ற நைட்ரைல் சீலைப் பொருத்தித் தந்தார். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. நைட்ரைல் ரப்பரை அது கெடுத்துவிடும்.

ஆகஸ்ட் 23

சிலிண்டரைப் பூட்டி, எண்ணெய் நிரப்பி, பேட்டரி இறங்காதிருக்கச் சார்ஜரை இணைத்துவிட்டு, குழாய்களில் தங்கிய காற்று தொட்டிக்குத் திரும்பும்வரை கூரையை மெதுவாக ஏற்றி இறக்கினோம். கூரை முழுவதும் மடிந்து படுத்தது. ஆனால் டிக்கி மூடி இறங்க மறுத்தது. கூரை படுத்துவிட்ட செய்தியைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும் எல்லைச் சுவிட்சின் முனையில், கடற்காற்றால் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. 1957இல் வந்த ஃபோர்டு ஸ்கைலைனர் என்ற மடிகூரைக் காரில் எண்ணெய்க்கே வேலையில்லை. கூரையை மின்மோட்டார்களே மடித்தன. ஆயினும் இத்தகைய சுவிட்சுகள் இல்லாமல் அதுவும் இயங்கவில்லை. முனையைச் சுரண்டித் துடைத்ததும் மூடி இறங்கியது.

ஆகஸ்ட் 25

ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் உரிமையாளர் வண்டியை எடுத்துச் சென்றார். வலப்பக்கச் சீலுக்கும் அதே வயதுதான் என்பதைச் சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுத்தேன். கல்யாணங்கள் இல்லாத மார்கழியில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.