எட்டு மாதம் "இல்லை" என்று எழுதினேன்

பல்லடம் பக்கம் ஒரு கோழி இறைச்சி ஆலையின் லாபில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் ஒரு முறைகூட சால்மோனெல்லா (வயிற்றுப்போக்கு, காய்ச்சல் தரும் பாக்டீரியா) வரவில்லை. வாராவாரம் ரிப்போர்ட்டில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. ஒன்பதாம் மாதம், எங்களிடம் கோழி வாங்கும் ஒருவர் தன் செலவில் வெளியே சோதித்து, சால்மோனெல்லா இருக்கிறது என்று ரிப்போர்ட் அனுப்பினார். நான் "இல்லை" என்று எழுதிய அதே பேட்ச். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கிருமி வளர்க்கும் மீடியாவில் தவறா, அதைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டரில் தவறா என்று இரண்டு நாள் தேடினேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் மாதிரி எடுக்கும் விதத்தையே யோசித்தேன்.

வெட்டிய கோழியைக் குளிர்விக்கும் சில்லர் தொட்டியின் தண்ணீரில், கிருமியைக் கொல்லும் மருந்தாகப் பெராசிடிக் அமிலம் கலந்திருக்கும். வெளியே வரும் கோழியைப் பையில் போட்டு, 400 மி.லி. பெப்டோன் நீர் (கிருமிக்குச் சத்துள்ள கரைசல்) ஊற்றி, ஒரு நிமிடம் குலுக்கி, அந்த நீரைச் சோதிப்போம். கோழியில் வடியாமல் தங்கிய அமிலமும் பைக்குள் வந்துவிடும். நாங்களோ அந்த நீரை ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள்தான் சோதனைக்குப் போடுவோம். அவ்வளவு நேரமும் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். தோலில் பிழைத்துக் கிடந்த கிருமி என் பாட்டிலுக்குள் வந்து செத்துப்போகும்.

தேடிப் படித்ததில், அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவு இதே காரணத்துக்காக 2016 ஜூலையில் சாதாரண பெப்டோன் நீரை விட்டுவிட்டு, மருந்தை முறிக்கும் பெப்டோன் நீருக்கு மாறியது தெரிந்தது. லிட்டருக்கு 7 கிராம் சோயா லெசித்தின், 1 கிராம் சோடியம் தயோசல்பேட், 12.5 கிராம் சோடியம் பைகார்பனேட் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தயோசல்பேட் குளோரினையும் பெராசிடிக்கையும் முறிக்கும். பைகார்பனேட் அமிலத்தன்மையை அடக்கும். லெசித்தின், குவாட் என்னும் இன்னொரு வகைக் கிருமிக்கொல்லி மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும்.

செய்து பார்த்தால் லெசித்தின் கட்டி கட்டியாக மிதந்தது. சூடாக்கி, பொறுமையாகக் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் கரையும். பைகார்பனேட்டை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) வைத்தது என் அடுத்த தவறு. சூட்டில் அது கார்பனேட்டாகி பிஎச் ஏறிவிட்டது. அதைத் தனியாகக் கரைத்து, கிருமி நீக்கும் நுண்வடிகட்டியில் வடிகட்டி, மற்றது ஆறிய பிறகு சேர்க்க வேண்டும்.

அதை நம்பலாமா என்று நிரூபிக்க நான்கு பாட்டில் வைத்தேன். ஆலை லாபுக்குள் உயிருள்ள சால்மோனெல்லாவைக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆபத்தில்லாத ஈ.கோலை பாக்டீரியா வகை ஒன்றையே நான்கிலும் ஒரே அளவு விட்டேன். சாதாரண பெப்டோன் நீர், முறிக்கும் பெப்டோன் நீர் இரண்டிலும் சில்லரிலிருந்து வந்த கோழியில் வடிந்த சொட்டுநீர் கலந்து ஒவ்வொன்று, கலக்காமல் ஒவ்வொன்று. சொட்டுநீர் இல்லாத முறிக்கும் நீரை யாரும் விட்டுவிடக் கூடாது. முறிக்கும் மருந்தே கிருமியைக் கொல்கிறதா என்று அதில்தான் தெரியும்.

நான்கையும் ஐஸில் வைத்து மறுநாள் பிளேட்டில் போட்டேன். சாதாரண நீரும் சொட்டுநீரும் சேர்ந்த பிளேட் வெறுமையாக இருந்தது. மற்ற மூன்றிலும் காலனிகள் (கிருமி வளர்ந்த புள்ளிகள்) ஏறக்குறைய ஒரே அளவு. அந்த வெற்றுப் பிளேட்டைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

புது நீருக்கு மாறிய மூன்றாவது வாரம் சால்மோனெல்லாவைத் தேடும் எக்ஸ்எல்டி பிளேட்டில், அதன் அடையாளமான நடுவில் கறுத்த காலனிகள். வெளி லாபும் சால்மோனெல்லா என்று உறுதி செய்தது. "ஏம்மா, இத்தனை நாள் இல்லாத கிருமி இப்ப எங்கிருந்து வந்துச்சு?" என்றார் மேனேஜர். "இத்தனை நாளும் இருந்திருக்கும் சார், நாமதான் பாட்டிலுக்குள்ள கொன்னுட்டோம்" என்று நான்கு பிளேட்டுகளையும் அவர் மேஜையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் சில்லரைக் கவனித்தார்கள். அமில அளவைக் காலையில் மட்டும் பார்த்து வந்திருக்கிறார்கள். ரத்தமும் கொழுப்பும் சேரச் சேர மதியத்துக்குள் அது இறங்கிவிடுகிறது. இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை ஸ்ட்ரிப் போட்டுப் பார்க்கிறார்கள். பழைய எட்டு மாத ஃபைலின் அட்டையில், "மருந்தை முறிக்காமல் எடுத்த மாதிரிகள்" என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.