அரை மணி நேரம் கழித்து

மருத்துவர் தரும் சீட்டில் "ஷார்ட் டெர்ம் மெமரி டெஸ்ட்" என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். பெங்களூரில் உளவியலாளராக வேலை பார்க்கும் எனக்கு அந்தச் சீட்டோடு சின்னச் சண்டை உண்டு. குறுகிய கால நினைவு என்பது சில நொடிகள் நிற்கும் சரக்கு. வீட்டார் சொல்லும் குறையோ வேறு: "காலையில சாப்பிட்டதை மறந்துட்டு, சாப்பாடே போடலைன்னு சொல்றார்." நொடிக்கணக்கு நினைவை அளந்து இதைப் பிடிக்க முடியாது.

இதைப் பிடிக்க நான் வைக்கும் சோதனை எளிமையானது. பதினைந்து சொற்களை நொடிக்கு ஒன்றாக வாசிப்பேன். நினைவில் நின்றவற்றை எந்த வரிசையிலும் சொல்லலாம். அதே பட்டியல் ஐந்து சுற்று. நடுவில் குழப்புவதற்கென்றே வேறொரு பட்டியல், ஒரே ஒரு தடவை. உடனே பழையதைக் கேட்பேன். இருபது, முப்பது நிமிடம் கழித்து இன்னொரு முறை. ஆந்த்ரே ரே என்ற சுவிஸ் உளவியலாளர் போட்ட பாதை இது. பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ் 2004இல் கொண்டுவந்த சோதனைத் தொகுப்பிலும் இதன் இந்திய வடிவம் இருக்கிறது. பட்டியலில் உள்ள சொற்களை மட்டும் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அப்புறம் அது சோதனைக்கு ஆகாது.

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்திலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலம். எந்த மொழியில் சோதிப்பது? "கோபம் வந்தா எந்த பாஷையில திட்டுவீங்க?" என்று கேட்டுவிடுவேன். சிரிப்பும் வரும், பதிலும் வரும். படிப்பு குறைந்த பெரியவர்கள் தாளைப் பார்த்ததுமே பரீட்சை என்று பயப்படுவார்கள். "எனக்குப் படிப்பு ஏறலைங்க" என்று முன்கூட்டியே மன்னிப்பு வேறு. வயதும் படிப்பும் ஒத்தவர்களோடுதான் ஒப்பிடுவோம் என்று சொன்னாலும் கை நடுங்கும். ஒரு பூக்கார அம்மா மட்டும் முழுப் பட்டியலையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எந்தக் கடையில வாங்கணும்?" என்றார்.

முதல் சுற்றில் நல்ல நினைவுள்ளவர்களுக்கே பாதிதான் தேறும். ஒரே நேரத்தில் மனம் தாங்குவது ஏழு, இரண்டு கூடலாம், குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நான்கு என்பதே சரி என்று இன்னொரு உளவியலாளர், நெல்சன் கோவன், 2001இல் வாதிட்டார். எப்படியிருந்தாலும் பதினைந்து இல்லை. தூக்கம் கெட்டு, கடன் தவணையை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஐ.டி. இளைஞர்கள் முதல் சுற்றில் தடுமாறுவார்கள். ஐந்தாவதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள், அரை மணி கழித்தும் சொல்வார்கள். அவர்களிடம் இல்லாதது கவனம்.

எனக்குக் கவலை தருவது வேறு மாதிரி ஆட்கள். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி மூன்று சொற்களை டக்கென்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள். கடைசிச் சொற்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பவை. கிளான்சர், கூனிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1966இல் பட்டியல் முடிந்ததும் முப்பது நொடி எண்களை எண்ண வைத்தார்கள். கடைசிச் சொற்களுக்கு இருந்த சலுகை காணாமல் போனது. முதல் சொற்களுக்கு இருந்த சலுகையோ அப்படியே நின்றது, அவை ஏற்கனவே உள்ளே போய்விட்டவை. ஆக, பட்டியலின் தலைப்பகுதி ஐந்து சுற்றிலும் உள்ளே போகவில்லை என்றால், மொத்த ஸ்கோர் சுமாராக இருந்தாலும் நான் பேனாவைக் கீழே வைக்க மாட்டேன்.

நடுவில் உள்ள அரை மணியில் படம் வரையச் சொல்வேன், கட்டைகளை அடுக்கச் சொல்வேன். சொற்கள் சம்பந்தப்பட்ட எதையும் கொடுக்கக் கூடாது. பிறகு கேட்டால் சிலர், "லிஸ்டா? எந்த லிஸ்ட்?" என்பார்கள். சிலர் நாலைந்தோடு திணறுவார்கள். ஆனால் நானே ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி "இது இருந்ததா?" என்று கேட்டால், சரியாகப் பிரித்துவிடுவார்கள். இவர்களுக்குச் சரக்கு உள்ளே இருக்கிறது, எடுப்பதுதான் சிரமம். மனச்சோர்வில் இருப்பவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் வகையினருக்கோ சொல்லிக் கேட்டாலும் அடையாளம் தெரியாது. கேட்ட எல்லாவற்றுக்கும் "ஆமா" என்பார்கள். இதை மட்டும் வைத்து யாரும் நோய்க்குப் பெயர் சூட்டுவதில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வீட்டில் அன்றாடம் எப்படி நடமாடுகிறார் என்ற விவரம் எல்லாம் சேர வேண்டும்.

வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு மார்க்?" ஒரு மகன், உள்ளே கூட இருந்தபோது போனில் பட்டியலைப் பதிவு செய்துகொண்டு போய், அடுத்த முறை வருவதற்குள் அப்பாவுக்கு உருப்போட வைத்திருந்தார். இதற்காகவே மாற்றுப் பட்டியல் வைத்திருக்கிறோம். அதை வாசித்தால், வீட்டில் படித்த சொற்கள் நடுநடுவே வந்து விழுந்தன. அவற்றை ஊடுருவல் என்று தனிக் கட்டத்தில் குறித்துக்கொண்டேன். அப்பாவால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் கற்க முடிகிறது என்பதும் அதிலேயே தெரிந்தது. மகனிடம் அதைச் சொன்னேன். டெஸ்ட்டைக் கெடுத்ததற்கும் நாலு வார்த்தை சொன்னேன்.