நிலவேம்புக் கேப்சூலுக்கு மால் எண் வாங்கிய அனுபவம்

பினாங்கு லெபோ பாசாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காய்ந்த நிலவேம்பைக் கட்டாக விற்கும்வரை பிரச்சினை இல்லை. பொடித்துக் கேப்சூலில் அடைத்தால், மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பதிவு வேண்டும். 'மால்' என்று தொடங்கி, எட்டு இலக்கங்களுக்குப் பின் பாரம்பரிய மருந்தைக் குறிக்கும் 'டி' எழுத்து வரும் எண் அது.

விண்ணப்பம் இணையம் வழி. அது எளிதாக முடிந்தது. ஜி.எம்.பி. எனப்படும் நல்ல உற்பத்தி நடைமுறைச் சான்றுள்ள தொழிற்சாலையில்தான் தயாரிக்க வேண்டும் என்பதால் செபராங் பிறையில் ஒன்றைப் பிடித்தேன். மூலிகையில்தான் இழுத்தது.

ஒரு வியாபாரி அனுப்பிய சரக்கு பார்வைக்கு அருமையாக இருந்தது. வாயில் வைத்தால் கசப்பு தலைக்கேறும். ஆய்வுக்கூட அறிக்கையில் நச்சு உலோகங்களில் ஈயம், ஆர்சனிக், பாதரசம் மூன்றும் வரம்புக்குள் இருந்தன. காட்மியம் மட்டும் தாண்டியிருந்தது. கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம்வரை போகலாம், காட்மியத்துக்கோ 0.3 தான். "கழுவிக் காயவைத்தால் போய்விடும்" என்றார் வியாபாரி. போகாது. மண்ணிலும் பாஸ்பேட் உரத்திலும் இருக்கும் காட்மியத்தை வேர் உறிஞ்சிச் செடிக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. உடலுக்குள் போனால் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும். என் கடையில் நிலவேம்பு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள், தினமும் அதைக் குடிப்பவர்கள். அவர்களுடைய சிறுநீரகத்துக்கு இருக்கிற பாரம் போதாதா? சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பினேன்.

அடுத்து வேறொருவரிடம் விளைந்த நிலத்தைக் கேட்டு, மாதிரியை மட்டும் வாங்கிச் சோதித்தேன். உலோகங்கள் தேறின, ஆனால் மூலிகையை எரித்த பின் மிஞ்சும், அமிலத்தில் கரையாத சாம்பல் கூடியிருந்தது. தரையில் காயவைத்ததால் ஏறிய மணல் அது. தார்ப்பாய் விரித்துக் காயவைத்த சரக்கு தேறியது. சால்மொனெல்லா, ஈ கோலி என்ற நோய்க்கிருமிகள் இரண்டும் இல்லை.

  

லேபிளில் 'சர்க்கரையைக் குணப்படுத்தும்' என்று எழுத அனுமதி இல்லை. 'பாரம்பரியமாகக் காய்ச்சலுக்குப் பயன்படுவது' என்ற அளவோடு நிறுத்தினோம். அது நியாயம்தான்.

பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இதில் இறங்குகிறவர்கள் மாதிரியின் அறிக்கை கைக்கு வந்த பிறகே மூட்டைக்குப் பணம் கொடுங்கள். தொழிற்சாலைக்கு முன்பணம் அதற்கும் பிறகு.