பள்ளிக்கு வெளியே நடக்கும் கற்றலை ஆய்வு செய்யப் போகிறீர்களா?

"பள்ளிக்கு வெளியே என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று நேராகக் கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்ற பதில்தான் வரும். கற்றல் என்றாலே வகுப்பும் வாத்தியாரும் பரீட்சையும்தான் என்று ஊறிப்போயிருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் கேள்வித்தாள் அடிக்கும் வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். 1971-இல் வந்த, கனடாவின் கல்வி ஆய்வாளர் ஆலன் டஃபின் ஆய்வுகூட, நீண்ட நேர்காணலில் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தித்தான் பெரியவர்களின் சுயகற்றலை வெளியே கொண்டுவந்தது. நான் கேட்பது இப்படி: "சமீபத்துல எதை முதல் தடவையா செஞ்சீங்க? எங்க சிக்குச்சு? யாரைக் கேட்டீங்க?" இதற்குப் பதில் கொட்டும்.

அடுத்தது, போய் உட்கார்ந்து பார்ப்பது. ஒரு பைக் பட்டறையில் மெக்கானிக் வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டுவார். உதவிக்கு நிற்கும் பையன் 10-11 ஸ்பேனரை வைப்பான். வாய்ப்பேச்சே கிடையாது. ரெக்கார்டரில் சத்தம் மட்டும்தான் பதியும். ஆகவே கை என்ன செய்தது என்பதை அன்று இரவே எழுதிவிடுங்கள், மறுநாள் மறந்துவிடும்.

எந்த வேலை எந்த வரிசையில் கைமாறுகிறது என்பதையும் குறியுங்கள். லைபீரியாவின் தையல்காரர்களிடம் மானுடவியலாளர் ஜீன் லேவ் கண்டது இதைத்தான். தொழில் பழகுபவர்கள் பொத்தான், ஓரத்தையல் போன்ற கடைசி வேலைகளில் தொடங்கி, பிறகு தைத்து, முடிவில்தான் துணி வெட்டுகிறார்கள். பொத்தானைப் பிரித்துத் தைக்கலாம். தப்பாக வெட்டிய துணியை என்ன செய்வது? பாடத்திட்டம் எழுதாமலே பாடத்திட்டம் இருக்கிறது.

சோதனை வைத்து அளக்க நினைப்பவர்கள் பிரேசிலின் ரெசிஃபே நகரில் நடந்த ஆய்வை (1985) கட்டாயம் படியுங்கள். தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகள் விற்கும்போது போட்ட கணக்கில் சுமார் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஆய்வில் இருந்தது ஐந்தே பேர். மாதிரி சிறியது என்று வழிகாட்டி முகம் சுளித்தால் இதைக் காட்டலாம்!

பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் என்றால் பெற்றோர் ஒப்புதலும் நெறிமுறைக் குழு அனுமதியும் களத்தில் இறங்கும் முன்பே கையில் இருக்கட்டும். வாய்மொழித் தேர்வில், "இது வெறும் வேலைதானே, கற்றல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று நிச்சயம் மடக்குவார்கள். ஒரே ஆள், ஒரே வேலை, சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு குறிப்புகளை எடுத்து நீட்டுங்கள்.